சுட்ட சோளமும் சுண்ணாம்பு நீரும்

வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு அரசர்களும் போர்களும் கோட்டைகளும்தாம் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போவது அவற்றைப் பற்றி அன்று. கரி நெருப்பில் வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் தடவித் தின்கிறோமே, அந்தச் சோளக் கதிரைப் பற்றித்தான். "இதற்கும் ஒரு வரலாறா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒன்பதாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் ஒரு பாடமும் உண்டு. நம்மைப் போலவே கைக்கூலிக்கு உழைத்த குடும்பங்கள் நோயில் விழுந்து, உயிரையும் கொடுத்து உலகுக்கு உணர்த்திய பாடம் அது.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் பழங்காலந்தொட்டுச் சோளம் என்று வழங்கியது வேறு தானியம். தலையில் கொத்தாக மணி பிடிக்கும் வெள்ளைச் சோளம் அது. நாம் இன்று சுட்டுத் தின்னும் கதிர், பின்னால் வந்த மக்காச்சோளம். மலாய் மொழியில் அதற்கு ஜாகோங் என்று பெயர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் அதைச் சுருக்கமாகச் சோளம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பேச்சிலும் அப்படியே சொல்வோம்.

சோளத்தின் தாயகம் மெக்சிகோ நாடு. அந்நாட்டின் தென்மேற்கில் பால்சாஸ் என்னும் ஆறு ஓடுகிறது. அதன் பள்ளத்தாக்குகளில் தியோசிந்தே என்னும் காட்டுப்புல் இன்றும் முளைக்கிறது. அதன் கதிர் நம் சுண்டுவிரல் அளவுகூட இராது. ஒரு கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகள் இருந்தாலே அதிகம். ஒவ்வொரு மணியும் கல் போன்ற ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். கடித்தால் பல்தான் உடையும். இந்தப் புல்லே சோளத்தின் மூதாதை என்று 1939-இல் அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் பீடில் வாதிட்டார். அன்று பலர் அதை ஏற்கவில்லை. பிற்காலத்து மரபணு ஆய்வுகள் அவர் கூற்றையே மெய்ப்பித்தன. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் உழவர்கள் இந்தப் புல்லைப் பயிராக்கத் தொடங்கினார்கள் என்று அந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒவாக்கா மாநிலத்திலுள்ள கிலா நாக்கிட்ஸ் என்னும் குகையில் ஏறத்தாழ 6,000 ஆண்டுப் பழைமையான சிறு சோளக் கதிர்கள் கிடைத்துள்ளன.

எண்ணிப் பாருங்கள். பெரிய மணி உள்ள செடி எது, ஓடு மெலிந்த செடி எது என்று ஆண்டுதோறும் பார்த்து, அதன் விதையை மட்டும் எடுத்து வைத்து மறுபடி விதைத்திருக்கிறார்கள். எழுத்தறியாத உழவர்கள் பல நூறு தலைமுறைகளாகச் செய்த வேலை அது. அதன் பயனாகத்தான் நூற்றுக்கணக்கான மணிகள் வரிசை கட்டிய கதிர் நம் கைக்கு வந்தது. அதில் ஒரு விந்தையும் உண்டு. சோளம் மனிதன் உதவியின்றித் தானாகப் பரவ முடியாத பயிர். மணிகள் கதிரை விட்டு உதிர்வதில்லை. தோகையும் அவற்றை மூடியிருக்கிறது. மனிதன் உரித்து விதைத்தால்தான் உண்டு. நாம் சோளத்தை வளர்த்தோம் என்பது போலவே, சோளமும் நம்மை நம்பியே வளர்ந்தது.

அந்த நாட்டு மக்களுக்குச் சோளம் எத்தனை நெருக்கமானது என்பதை அவர்கள் மொழியே சொல்லும். நாம் ஒரே தானியத்தை வயலில் நெல் என்கிறோம். குத்தினால் அரிசி என்கிறோம். வெந்தால் சோறு என்கிறோம். ஆஸ்டெக் மக்களின் நவாட்டல் மொழியிலும் அப்படித்தான். பிஞ்சுக் கதிருக்கு ஒரு பெயர், பால் பிடித்த இளங்கதிருக்கு ஒரு பெயர், முற்றிக் காய்ந்த கதிருக்கு ஒரு பெயர், உதிர்த்த மணிக்கு ஒரு பெயர். இளங்கதிரின் பெயர் எலோட்ல். அந்தச் சொல்லே ஸ்பானிய வாயில் எலோத்தே ஆயிற்று. இன்றும் மெக்சிகோ நகரத் தெருமுனைகளில் கரி அடுப்பில் வாட்டி விற்கப்படும் கதிருக்கு அதுதான் பெயர். அதன்மேல் உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு தடவுகிறார்கள். சிலர் பாலேடும் துருவிய பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பூசுகிறார்கள்.

மெக்சிகோவுக்கு வடக்கே, இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த மஸ்கோகி முதலிய பழங்குடி மக்களிடம் இளங்கதிருக்கென்றே ஒரு திருவிழா இருந்தது. கோடையில் கதிர் முற்றும் முன் அதைக் கொண்டாடுவார்கள். விழா முடியும் வரை புதுக் கதிரை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். வீடுகளைப் பெருக்கித் துப்புரவாக்குவார்கள். பழைய அடுப்பு நெருப்பையெல்லாம் அணைப்பார்கள். நோன்பு இருந்து, ஊர்ப் பொதுவிடத்தில் புது நெருப்பு மூட்டுவார்கள். கொலைக்குற்றம் நீங்கலாக, சென்ற ஆண்டின் குற்றங்கள் மன்னிக்கப்படும். அந்தப் புது நெருப்பிலிருந்து ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் தீ எடுத்துச் செல்வார்கள். போகியில் பழையன கழித்து, தைப்பொங்கலில் புத்தரிசி பொங்கும் நமக்கு இந்த விழாவின் உள்ளம் எளிதில் விளங்கும்.

1830-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் விளைவாகத் தென்பகுதிப் பழங்குடிகள் தங்கள் நிலத்தை விட்டு மேற்கே அகற்றப்பட்டார்கள். அலபாமாவில் இருந்த லோச்சப்போக்கா என்னும் ஊரின் மஸ்கோகி மக்கள், நெடும்பயணத்தில் பலரைப் பலிகொடுத்துவிட்டு, 1836-இல் ஆர்க்கன்சா ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வரும்போது தங்கள் ஊர் நெருப்பின் சாம்பலையும் உடன் கொண்டு வந்தார்கள். ஓர் ஓக் மரத்தடியில் அந்தச் சாம்பலை வைத்து, அங்கே புது நெருப்பு மூட்டினார்கள். அவ்விடத்தில் எழுந்த ஊர்தான் இன்றைய துல்சா நகரம். அந்த மரத்தை நகர மக்கள் இன்றும் போற்றிக் காக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் எதைக் கையில் எடுத்து வருவார்கள் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று அமெரிக்காவில் கோடை வந்தால் வீட்டு முற்றங்களில் அடுப்பு மூட்டி, உற்றார் உறவினர் கூடி, வெண்ணெய் தடவிய சோளக் கதிரைச் சுட்டு உண்பது பெருவழக்கம். சூலை 4-ஆம் நாள் சுதந்திரத் திருநாளிலும் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாளிலும் இதைக் காணலாம். சோளம் பயிரிடவும் உண்ணவும் வெள்ளையர் கற்றுக்கொண்டது மண்ணின் மைந்தர்களிடமிருந்துதான்.

இனி, சோளம் கடல் கடந்த கதைக்கு வருவோம்.

1492-இல் கொலம்பஸ் கியூபாத் தீவை அடைந்தபோது அவருடைய ஆட்கள் இந்தத் தானியத்தைக் கண்டார்கள். அத்தீவுகளில் வாழ்ந்த தாய்னோ மக்கள் அதை மஹீஸ் என்று அழைத்தார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் அதை ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டு சென்றார்கள். இத்தாலியர் அதற்குத் துருக்கித் தானியம் என்று பெயர் வைத்தார்கள். அது துருக்கியிலிருந்து வந்ததன்று. தொலைவிலிருந்து வந்தது என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. நம் மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து அதே காலத்தில்தான் நம்மிடம் வந்தது. எலுமிச்சை இனமோ ஆசியாவிலிருந்து அங்கே போனது. ஆகவே, சென்னை மெரினாவில் எலுமிச்சைத் துண்டை உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தோய்த்துத் தேய்த்துத் தரும் கதிரானாலும், மெக்சிகோவின் எலோத்தே ஆனாலும், இரண்டிலும் இரண்டு உலகங்கள் கலந்திருக்கின்றன.

தானியம் கப்பலேறியது. ஆனால் அதைச் சமைக்கும் பக்குவம் கப்பலேறவில்லை. இங்கேதான் துன்பம் தொடங்குகிறது.

மெக்சிகோவின் பெண்கள் காய்ந்த சோளத்தை அப்படியே மாவாக்குவதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் அதை வேகவைத்து, இரவு முழுதும் ஊறப்போடுவார்கள். மறுநாள் கழுவினால் மணியின் மேல்தோல் கழன்றுவிடும். பிறகு அம்மி போன்ற கல்லில் அரைத்து ரொட்டி தட்டுவார்கள். இந்தப் பக்குவத்துக்கு நிஷ்தமால் என்று பெயர். வடக்கே இருந்த பழங்குடிகள் சுண்ணாம்புக்குப் பதில் மரச்சாம்பல் நீரைச் சேர்த்தார்கள். வெற்றிலைக்கு நாம் தடவுகிற அதே வகைச் சுண்ணாம்புதான்.

ஏன் இந்தப் பாடு? தோல் எளிதில் கழல்வதற்கு என்றே பார்ப்பவர்கள் நினைத்தார்கள். உண்மை அதற்கு மேற்பட்டது. நம் உடலுக்குத் தேவையான நியாசின் என்னும் உயிர்ச்சத்து காய்ந்த சோளத்தில் இருக்கிறது. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பணம் போல் இருக்கிறது. உண்டாலும் உடலில் சேராது. சுண்ணாம்பு நீரோ அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. அறிவியல் பெயர் எதுவும் தெரியாமலே அந்தத் தாய்மார்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் மக்களைக் காத்து வந்தார்கள். பயிரைக் கொண்டு சென்ற கடலோடிகளோ அடுப்பங்கரையில் நின்று ஒரு சொல் கேட்கவில்லை.

விளைவு என்ன? ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் 1735-இல் காஸ்பார் கசால் என்னும் மருத்துவர், ஏழை உழவரிடையே ஒரு புது நோயைக் கண்டு குறித்தார். கையிலும் கழுத்திலும் தோல் சிவந்து தடித்து உரியும். வயிறு கெடும். முடிவில் புத்தி தடுமாறும். இத்தாலியில் 1771-இல் அந்நோய்க்குப் பெல்லாக்ரா என்ற பெயர் அச்சேறியது. முரட்டுத் தோல் என்பது அதன் பொருள். சோளக் கூழையே நம்பி வாழ்ந்த ஏழைகளைத்தான் அது பிடித்தது.

அந்த நோய் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொள்ளைநோய் போல் பரவியது. அங்கே பருத்தியே எல்லாம். குத்தகை உழவர்கள் வீட்டு வாசல் வரை பருத்தி நட்டார்கள். காய்கறிக்கு இடமில்லை, மாட்டுக்கும் இடமில்லை. பருத்தி ஆலைகளில் வேலை செய்த குடும்பங்களோ ஆலை கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் வாழ்ந்து, பெரும்பாலும் ஆலைக் கடையிலேயே கடனுக்குச் சாமான் வாங்கினார்கள். மாலைக் கடனுக்குள் நாள் ஓடும் அந்த வாழ்க்கையில் அவர்களின் அன்றாட உணவு மூன்று: சோள மாவு, உப்பிட்ட கொழுப்புக்கறி, வெல்லப்பாகு. 1906 முதல் 1940 வரை ஏறத்தாழ 30 இலட்சம் பேரை அந்நோய் பிடித்தது என்றும், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மாண்டனர் என்றும் கணக்கிடுகிறார்கள்.

"இது தொற்றுநோய். அழுக்கான மக்களிடம் வருவது. தாழ்ந்த பரம்பரையில் வருவது" என்று படித்தவர்களே பேசினார்கள். நோயாளியை ஊர் ஒதுக்கியது. ஏழை நோயுற்றால் அவன் மேலேயே பழி போடுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் போலும்.

1914-இல் அரசாங்கம் ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவரை இந்நோயை ஆராய அனுப்பியது. அவர் சிறு வயதில் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மனநோய் விடுதிகளுக்கும் அநாதை விடுதிகளுக்கும் சென்று அவர் உற்றுப் பார்த்தார். விடுதியில் தங்கியவர்களுக்கு நோய் இருந்தது. அவர்களோடு நாளெல்லாம் பழகிய பணியாளர்களில் ஒருவருக்கும் இல்லை. தொற்றுநோயானால் இப்படி ஆள் பார்த்து வருமா? ஆகவே காரணம் உணவில்தான் இருக்கவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மிசிசிப்பி மாநிலத்தில் இரண்டு அநாதை விடுதிகளில் பாலும் முட்டையும் இறைச்சியும் அவரைப் பருப்பு வகைகளும் கொடுக்க ஏற்பாடு செய்தார். நோய் மறைந்தது.

அப்போதும் பலர் நம்பவில்லை. 1915-இல் ஒரு சிறைப் பண்ணையில், விடுதலை தருவதாக ஆளுநர் அளித்த வாக்கின் பேரில், கைதிகள் சிலர் சோதனைக்கு இசைந்தார்கள். அவர்களுக்குச் சோளமும் மாவுப் பண்டங்களும் மிகுந்த உணவே சில மாதங்கள் கொடுக்கப்பட்டது. முடிவு வரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு நோய் கண்டது. 1916-இல் கோல்ட்பெர்கரும் அவருடைய மனைவியும் உடன் பணிபுரிந்தோரும், நோயாளியின் இரத்தத்தைத் தங்கள் உடலில் ஊசி வழியாக ஏற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. தொற்று என்னும் பேச்சு பொய்யாயிற்று.

அதே 1916-இல் கோல்ட்பெர்கரின் குழு தென் கரோலினாவில் ஏழு ஆலைக் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது. வருமானம் எவ்வளவு, அடுப்பில் என்ன வெந்தது, கடையில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதினார்கள். வருமானம் குறையக் குறைய நோய் கூடியது. பாலும் புதிய இறைச்சியும் கிடைத்த வீடுகளை நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. நோய்க்குக் காரணம் அழுக்குமில்லை, பரம்பரையுமில்லை. கூலியும் கடைச் சரக்கும்தான்.

கோல்ட்பெர்கர் 1929-இல் காலமானார். தாம் தேடிய சத்து எது என்று அறியும் முன்பே அவர் மறைந்தார். 1937-இல் கான்ராட் எல்வேஜெம் என்னும் அறிவியலாளர், நாய்களுக்கு வரும் இதை ஒத்த நோயை நிக்கோட்டினிக் அமிலம் தீர்ப்பதைக் கண்டார். நாம் நியாசின் என்று சொன்னது அதைத்தான். 1940-களில் மாவுகளில் அச்சத்தைச் சேர்க்கும் முறை அமெரிக்காவில் பரவியது. மக்கள் வாழ்க்கையும் முன்னேறியது. நோய் ஒழிந்தது. மெக்சிகோவின் அடுப்பங்கரையில் காலங்காலமாக இருந்த அறிவை, உலகம் இத்தனை உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அப்படியானால் நாம் சுட்டுத் தின்னும் கதிர் தீங்கானதா என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டா. தீங்கு விளைத்தது காய்ந்த சோள மாவையே ஆண்டு முழுதும் நம்பிய வறுமை. இளங்கதிரின் நிலை வேறு. இனிப்புச் சோளத்தைச் சுடும்போது, பிணைந்திருந்த நியாசின் சத்து விடுபடுகிறது என்று 1974-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கோடையில் நெருப்பு மூட்டி இளங்கதிரைச் சுட்ட பழங்குடிகள் இதிலும் நமக்கு முன்னோடிகளே.

சுடுவதிலும் சில நுட்பங்கள் உண்டு. பறித்த கதிரில் சர்க்கரை மெல்ல மெல்ல மாவாக மாறிவிடும். அதனால்தான் பறித்த அன்றே சுட்டால் இனிப்பு அதிகம். 1950-களில் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லாஃப்னன் இந்த மாற்றம் மெதுவாக நடக்கும் மிகையினிப்பு வகையை அறிமுகம் செய்தார். இன்று சந்தையில் கிடைக்கும் இனிப்புச் சோளம் பல அவ்வகையைச் சேர்ந்தவை. தோகையோடு சுடுவதானால் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு நெருப்பில் இடலாம். தோகை எரிந்து போகாமல் மணி ஆவியில் வேகும். தோகை உரித்துச் சுடுவதானால் தணல் போதும், சுவாலை வேண்டா. கதிரைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். பசார் மாலாமில் வெண்ணெய் தடவிச் சுடுபவரின் கை ஓயாமல் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கதிர் வெந்த பிறகே எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தடவ வேண்டும். முன்னே தடவினால் மிளகாய் கருகிக் கசந்துவிடும்.

பிள்ளைகளிடம் ஒரு கதிரைக் கொடுத்து மணி வரிசைகளை எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரட்டைப்படையாகவே இருக்கும். கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூல் போன்ற இழைகளைக் காட்டுங்கள். ஒரு மணிக்கு ஓர் இழை. அந்த இழையில் மகரந்தம் விழுந்தால்தான் மணி பிடிக்கும். கதிரில் மணி இல்லாத இடம் தெரிந்தால், அங்கே ஓர் இழைக்கு மகரந்தம் கிட்டவில்லை என்று பொருள். கையில் உள்ள பண்டத்திலிருந்தே பாடம் தொடங்கலாம் என்பது ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பறையில் கண்ட உண்மை.

அதோடு இன்னொன்றும் சொல்லுங்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மவர் பலர், லயத்து வீட்டின் பின்னால் நாலு முருங்கைக் கன்றும் கீரைப் பாத்தியும் வைத்துப் பிழைத்தவர்கள். பசுவும் ஆடும் கோழியும் வளர்த்தவர்கள். சம்பளம் போதாத காலத்தில் குழந்தைகளின் உடலைத் தாங்கியது அந்தப் பாத்தியும் அந்தப் பாலும்தான். அது வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்குத் தென் கரோலினாவின் ஏழு ஆலைக் குடியிருப்புகளே சான்று. நம் பாட்டிமார் ஏன் இதை இதனோடு சேர்த்தார்கள், ஏன் அதை இரவில் ஊறவைத்தார்கள் என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். எல்லாமே சரியென்று கொள்ள வேண்டியதில்லை, ஆராய்ந்து கொள்ளலாம். ஆனால் கேளாமல் விட்டுவிட்டால், ஆராயவும் ஒன்றும் மிஞ்சாது.